பழைய சிவிக் ஈசியூவுக்கு எந்தச் சிப், எந்தச் சொக்கற்? எல்லாத்தையும் வாங்கிப் போட்டுப் பார்த்த கதை

முதல்லயே சொல்லிப்போடுறன், இது பெரிய விலைச் சாமானுக்கு எழுதிற ரிவ்யூ இல்லை. பழைய சிவிக் காரின்ர ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்திற கொம்பியூட்டர், அதுக்குள்ள போடுற புரோகிராம் சிப்பையும் அந்தச் சிப் குந்துற சொக்கற்றையும் பற்றினது. சிப், சொக்கற், ரெண்டு கப்பாசிற்றர் எல்லாம் சேர்த்தாலும் மார்க்கம் ரோட்டில நாலு கொத்துரொட்டிப் பார்சல் வாங்கிற காசுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா இந்தச் சின்னச் சாமானில பிழை விட்டதால நான் ஒரு பெப்ரவரி மாசம் விடிய ஏழு மணிக்கு கிங்ஸ்டன் ரோட்டில ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு குளிருக்குள்ள நிண்டனான். அண்டைக்கே நினைச்சன், இதை எழுதிப் போடோணும் எண்டு, எழுத இவ்வளவு நாளாச்சு.

கார் 93 சிவிக் ஹச்பாக், எஸ்ஐ. 90களில ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில இருந்த ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, அந்த நேரம் எங்கட பெடியளில பாதிப்பேரிட்ட சிவிக், மிச்சப் பாதி சிவிக் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவை. இது என்ர அத்தான் வச்சிருந்த கார். பிள்ளையள் பிறந்து அவர் வான் வாங்கினாப்பிறகு கராஜுக்குள்ளயே படுத்துக் கிடந்தது, அதாலதான் ரோட்டு உப்பு தின்னாமல் மிஞ்சினது. அதில இருந்த டி16இசட்6 எஞ்சினைக் கழட்டிப்போட்டு ஜப்பானில இருந்து வந்த பி16ஏ ஒண்டைப் போட்டாச்சு. 125 குதிரையில இருந்து 170. எஞ்சின் மாறினா அதுக்கேத்த பெற்றோல் கணக்கும் ஸ்பார்க் நேரமும் வேணும். அந்த எஞ்சினோட வாற பி30 ஈசியூவுக்கு விக்கிற ஆக்கள் கேக்கிற விலையைப் பார்த்தா இன்னொரு எஞ்சின் வாங்கலாம் போல கிடந்தது. அதால கார்லயே இருந்த பி28 ஈசியூவுக்குச் சிப் போடுவம் எண்டு இறங்கினன்.

பி28 எண்டுறது 92ல இருந்து 95 வரை வந்த, வீரெக் எண்ட வகை எஞ்சின் வச்ச சிவிக்குகளின்ர ஈசியூ, பக்கத்தில இருக்கிற ஆள் கால் வைக்கிற இடத்தில கிடக்கும். ஹொண்டா தன்ர புரோகிராமை ஓகி கம்பனி செய்த பிரதான சிப்புக்குள்ளயே அடைச்சு வச்சிருக்கு, ஆனா வெளியில ஒரு ரொம் சிப், அதாவது புரோகிராமை வச்சிருக்கிற சிப், வைக்கிறதுக்கு 28 ஓட்டையோட ஒரு இடத்தை போட்டில வெறுமையா விட்டிருக்கு. அதோட 20 ஓட்டையோட இன்னொரு இடமும் வெறுமையா இருக்கு, அது 74எச்சி373 எண்ட லாட்ச்சுக்கு. ஏன் லாட்ச் எண்டா, அந்தப் பிரதான சிப் (சிபியு) அட்ரஸின்ர கீழ் எட்டு பிட்டையும் டேற்றாவையும் ஒரே கம்பியளிலதான் மாறி மாறி அனுப்புது, டேற்றா வந்து சேருமட்டும் அட்ரஸைப் பிடிச்சு வச்சிருக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள்தான் 373. இதுகளோட சி51, சி52 எண்டு எழுதியிருக்கிற இடத்தில 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ரெண்டு, ஆர்54ல 1கே ரெசிஸ்ரர் ஒண்டு, கடைசியா ஜே1ல ஒரு துண்டுக் கம்பி. அந்தக் கம்பி இருந்தா ஈசியு வெளிச் சிப்பை வாசிக்கும், வெட்டி விட்டா பழையபடி ஹொண்டான்ர சொந்தப் புரோகிராமுக்குத் திரும்பிடும். இவ்வளவுதான் முழு வேலையும்.

சொல்ல லேசு, செய்யக்கதான் தெரியும். ஓட்டை எல்லாத்துக்குள்ளயும் தொழிற்சாலையில ஊத்தின ஈயம் இறுகிக் கிடக்கு, அதுக்கு மேல வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு வேற. 48 ஓட்டையையும் உறிஞ்சியால ஒண்டொண்டா இழுத்து எடுக்கோணும். அவசரப்பட்டு ஒரே இடத்தில கனநேரம் சூடு காட்டினா ஓட்டையைச் சுத்தின செப்பு வளையம் கையோட வந்திடும், எனக்கு ஒண்டு வந்தது, மெல்லிய கம்பி போட்டுச் சமாளிச்சன். உங்களுக்கு சோல்டர் பழக்கம் இல்லையெண்டா இந்த ஒரு வேலையை மட்டும் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ, வெக்கம் ஒண்டும் இல்லை.

இனிச் சிப்.

முதல் வாங்கினது பிழைச் சிப். ஒன்லைனில ஒரு ஆளிட்ட 28சி256 அஞ்சு ஓடர் பண்ணினன். 27சி256 எண்டு ஒண்டு இருக்கு, 28சி256 எண்டு ஒண்டு இருக்கு, 29சி256 எண்டும் ஒண்டு இருக்கு. மூண்டும் 32 கிலோபைட், மூண்டுக்கும் 28 கால், பார்க்க ஒரு வயித்துப் பிள்ளையள் மாதிரி. 28 மின்சாரத்தாலயே அழிச்சு எழுதலாம், 27க்கு அல்ட்ராவயலற் லைட் வேணும், அப்ப 28தானே சுகம் எண்டு நானே புத்திசாலித்தனமா முடிவெடுத்தன். போட்டா கார் ஸ்ராட் வருது, ஆனா செக் எஞ்சின் லைட் அணையாமல் அப்பிடியே நிக்குது, ஆக்சிலேற்றரை மிதிச்சா எருமை மாதிரி நகருது. லைட் மினுங்கிறதை எண்ணிப் பிழைக் கோட் வாசிக்கப் பார்த்தா மினுங்கவே இல்லை. ஹொண்டாவில இப்பிடி லைட் சும்மா நிலையா எரிஞ்சு கோட் ஒண்டும் வராமல் விட்டா, ஈசியு சிப்பை வாசிக்க ஏலாமல் தன்ர அவசர கால முறையில ஓடிக்கொண்டிருக்கு எண்டு அர்த்தம்.

காரணம் கால் ஒழுங்கில. 27ல 1ம் கால் விபிபி, அதாவது எழுதக்க மட்டும் கூட வோல்ட் குடுக்கிற கால், ஈசியு போட்டில அதை 5 வோல்ட்டோட கட்டி விட்டிருக்கு. 27ம் கால் ஏ14 எண்ட அட்ரஸ் கம்பி. ஆனா 28சி256ல 1ம் கால்தான் ஏ14, 27ம் கால் எழுதச் சொல்லுற கட்டளை. அதாவது ரெண்டும் இடம் மாறிக் கிடக்கு. சிப்பின்ர ஒரு பாதியை மட்டும்தான் அது வாசிக்கும், அதுவும் ஈசியு மற்றப் பாதியைக் கேக்கிற நேரமெல்லாம் சிப்புக்கு எழுது எழுது எண்டு கட்டளை போகும். குறுக்கால கம்பி இழுத்துச் சரிக்கட்டலாம், ஆனா ஏன் அந்தத் தலையிடி? அந்த அஞ்சும் இப்பவும் லாச்சிக்குள்ள கிடக்கு, பழைய கொம்பியூட்டர் கட்டுற ஆருக்கும் வேணுமெண்டா சும்மாவே தருவன்.

29சி256 அப்பிடி இல்லை, அது நல்ல பிள்ளை. அட்மெல் செய்த ஃபிளாஷ், அதில 1ம் கால்தான் எழுதுற கட்டளை, போட்டில இருக்கிற 5 வோல்ட் அதை எழுதாமல் அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும், 27ம் கால் ஏ14. அப்பிடியே 27க்குப் பதிலாப் போடலாம். 5 வோல்ட்டிலயே அழிச்சு எழுதலாம், கூட வோல்ட் தேவையில்லை, 64 பைட் பக்கம் பக்கமா எழுதும், கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும். சிப்பும் 32 கிலோபைட், அதுக்குள்ள எழுதுற ஹொண்டா புரோகிராம் ஃபைலும் (.bin, பின் ஃபைல்) 32,768 பைட், அப்பிடியே தூக்கிப் போட்டாச் சரி, எந்தக் கணக்கும் பார்க்கத் தேவையில்லை. முதல் தரம் சிப் போடுற ஆளுக்கு இதைத்தான் வாங்கச் சொல்லுவன். பிரச்சினை என்னெண்டா இப்ப புதுசாச் செய்யிறதில்லை. கிடைக்கிறதெல்லாம் பழைய போட்டில இருந்து கழட்டினது.

அடுத்தது எல்லாரும் கேக்கிற எஸ்எஸ்ரி 27எஸ்எஃப்512. இதுவும் மின்சாரத்தால அழிக்கிறது, ஆனா 64 கிலோபைட், ரெண்டு மடங்கு. எழுதவும் அழிக்கவும் 12 வோல்ட் வேணும், அதைப் புரோகிராமர், அதாவது சிப்பில எழுதுற பெட்டி, பார்த்துக்கொள்ளும். இதில கனபேர் விழுற குழி ஒண்டிருக்கு, நானும் விழுந்தனான். இந்தச் சிப்பில 1ம் கால் ஏ15. ஈசியு போட் அந்தக் காலை எப்பவும் 5 வோல்ட்டில வச்சிருக்கிறபடியா ஈசியூவுக்குத் தெரியிறது சிப்பின்ர மேல் பாதி மட்டும்தான். நீங்கள் 32 கிலோபைட் பின் ஃபைலை வழக்கம்போல பூச்சியத்தில இருந்து எழுதினா கீழ்ப் பாதியில எழுதுப்பட்டிருக்கும், ஈசியு மேல் பாதியைப் பார்க்கும், அங்க ஒண்டும் இல்லை, திரும்பவும் அந்த அணையாத லைட். அதால ஃபைலை லோட் பண்ணக்க ஹெக்ஸ் 8000 எண்ட இடத்தில, அதாவது சிப்பின்ர சரி நடுவில, தொடங்கி எஃப்எஃப்எஃப்எஃப் வரைக்கும் வாற மாதிரிப் போடோணும். நான் இப்ப ரெண்டு பாதியிலயும் அதே ஃபைலை எழுதி விடுறன், பிறகு எதை மறந்தாலும் பரவாயில்லை.

வின்பொன்ட் டபிள்யூ27சி512 எண்டும் ஒண்டு இருக்கு, கால் ஒழுங்கு எஸ்எஸ்ரி மாதிரியேதான், 8000 கதையும் அதேதான், ஆனா அழிக்க 14 வோல்ட் கேக்கும். மலிவுப் புரோகிராமர் சிலது யூஎஸ்பியில இருந்து அவ்வளவு வோல்ட் எடுத்துக் குடுக்கத் திணறும், அழிச்சன் எண்டு சொல்லும், பிளாங்க் செக் பண்ணினா அழிஞ்சிருக்காது. என்ர புரோகிராமரில ஓடினது. விலை எஸ்எஸ்ரியிலும் குறைவு, கிடைக்கிறதும் லேசு. கையில காசு இல்லாத பெடியனுக்கு நல்ல சிப்.

பழைய முறை, கண்ணாடி யன்னல் வச்ச 27சி256. எனக்கு இதில ஒரு பைத்தியம் உண்டு, பார்க்கவே வடிவா இருக்கும், யன்னலுக்கால சிலிக்கன் துண்டு மின்னும். ஆனா ரியூன் பண்ணுற, அதாவது பெற்றோல், ஸ்பார்க் கணக்கைத் திருத்தித் திருத்திப் பார்க்கிற நேரத்துக்கு இது சரிவராது. ஒருக்கா அழிக்க 2537 ஆங்ஸ்ட்ரம் அல்ட்ராவயலற் லைட்டுக்குக் கீழ 15, 20 நிமிசம் வைக்கோணும். நீங்கள் ஒரு பின்னேரத்தில பத்துத் தரம் மப்பை, அதாவது அந்தக் கணக்கு அட்டவணையை, மாத்திறீங்கள் எண்டா பத்துச் சிப் வேணும், இல்லாட்டி இடைக்கிட இருந்து ரீ குடிச்சுக்கொண்டு இருக்கோணும். அதோட யன்னலுக்கு மேல வெளிச்சம் போகாத ஸ்ரிக்கர் ஒட்டியே ஆகோணும். இந்தச் சிப்பைச் செய்த எஸ்ரி கம்பனின்ர (எஸ்எஸ்ரி இல்லை, இது வேற) டேற்றாசீற்றிலயே போட்டிருக்கு, நேர வெயில் பட்டா ஒரு கிழமை மட்டில அழிஞ்சிடும், ரியூப் லைட் வெளிச்சத்தில எண்டா மூண்டு வருசம் மட்டில. ஈசியு பெட்டிக்குள்ள இருட்டுத்தான், ஆனா ஆரோ எழுதிக் குடுத்த சிப்பை டாஷ்போட்டில வச்சுட்டு மறந்தவைக்கு என்ன நடந்தது எண்டு கேட்டுப் பாருங்கோ.

போலிச் சிப் பற்றி ஒரு சொல்லு. ஒன்லைனில ஒரு ஆளிட்ட எஸ்எஸ்ரி எண்டு சொல்லி பத்து வாங்கினன், பேர் வேண்டாம். மேல எழுத்து புத்தம் புதுசு, லேசர் அடிச்ச மாதிரிப் பளிச். திருப்பிப் பார்த்தா காலில பழைய ஈயம் வழிச்ச அடையாளம், மேல் பக்கத்தை உரஞ்சித் தேய்ச்சுத் திரும்ப அச்சடிச்சிருக்கினம். பாவிச்சதை விக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை, 30 வருசக் காருக்கு பாவிச்ச சிப் போடுறதில என்ன வந்தது, ஆனா பத்தில மூண்டு உள்ள வேற கம்பனிச் சிப். கண்டுபிடிக்கிறது லேசு. புரோகிராமரில ஐடி வாசிக்கிற பட்டன் இருக்கும், எஸ்எஸ்ரி 27எஸ்எஃப்512 எண்டா பிஎஃப், ஏ4 எண்டு வரோணும், வின்பொன்ட் எண்டா டிஏ, 08, அட்மெல் 29சி256 எண்டா 1எஃப், டிசி. பார்சல் வந்த அண்டைக்கே எல்லாத்தையும் ஐடி வாசிச்சு, அழிச்சு, பிளாங்க் செக் பண்ணி, எழுதி, வெரிஃபை பண்ணிப் பாருங்கோ. காசு திரும்பக் கேக்கிற நாள் முடிஞ்சாப்பிறகு பார்த்து என்ன பலன்.

புரோகிராமர் நான் பாவிக்கிறது டிஎல்866-2 பிளஸ். இந்தப் பச்சைச் சொக்கற் வச்ச கறுப்புப் பெட்டியை எல்லாரும் கண்டிருப்பீங்கள், இப்ப அதுக்குப் பதிலா டி48 எண்டு வருது. நான் மேல சொன்ன சிப் அவ்வளவையும் இது எழுதிச்சு, ஹொண்டாவுக்கெண்டு தனியா விக்கிற புரோகிராமர் தேவைப்படேல்ல. சொஃப்ற்வெயார் விண்டோஸில ஓடும், பார்க்க 2003ம் ஆண்டு மாதிரி இருக்கும், ஆனா வேலை செய்யும். ஒரே ஒரு குறை, சிப்பின்ர பேரைத் தெரிவு செய்யக்க ஒரு எழுத்து மாறினாலும் வேற வோல்ட் போகும், அவசரப்படாதேங்கோ.

இனிச் சொக்கற். என்னைக் கேட்டா சிப்பிலும் பார்க்க இதுதான் முக்கியம், ஆனா ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கிறேல்ல. எல்லாரும் சிப்புக்கு அடிபடுவினம், சொக்கற்றுக்கு எது மலிவோ அதை எடுப்பினம்.

வேண்டியது 28 கால், அகலம் 15.24 மில்லிமீற்றர், அதாவது 0.6 இஞ்சி. ஒடுங்கின 28 கால் சொக்கற்றும் இருக்கு, 0.3 இஞ்சி, அதைப் பார்க்காமல் வாங்கிப்போட்டு முழிச்ச ஒரு மச்சானை எனக்குத் தெரியும்.

ஆக மலிவானது தகட்டுச் சொக்கற். உள்ள ரெண்டு மெல்லிய தகடு காலை ரெண்டு பக்கத்தாலயும் பிடிக்கும். பழிக்கிற அளவுக்கு மோசமில்லை. ஒருக்காச் சிப்பைப் போட்டுட்டு அப்பிடியே விடுறது எண்டா வருசக்கணக்கா நிக்கும், தகரம் பூசின சிப் காலுக்கு தகரம் பூசின தகடு பொருத்தமும் கூட. ஆனா கழட்டிக் கழட்டிப் போட்டா தகடு விரிஞ்சு போகும்.

ரெண்டாவது கடைஞ்செடுத்த வட்டக்கால் சொக்கற். ஒவ்வொரு ஓட்டையும் தனியாக் கடைஞ்ச பித்தளைக் குழாய், உள்ள நாலு விரல் மாதிரி ஒரு கவ்வி. இறுக்கம் சொல்லி வேலையில்லை, முதல் தரம் சிப்பைக் கழட்டக்க கால் வளைஞ்சு போச்சு, அதுக்கெண்டு இருக்கிற இழுக்கிற இடுக்கி வாங்கினாப்பிறகுதான் சுகம். விலை தகட்டுச் சொக்கற்றிலும் பார்க்க மூண்டு நாலு மடங்கு, ஆனா அது ஒரு கோப்பி காசு, அதுக்குப் பார்க்கிறதா? ஒண்டு சொல்லோணும், தங்கம் பூசினது எண்டு போட்டு விக்கிறதுக்கு மயங்கிப் போகாதேங்கோ. சிப்பின்ர கால் தகரம், சொக்கற் தங்கம் எண்டா அதிர்வில ரெண்டும் உரசி உரசி தகரத்தில ஒரு கறுப்புப் படை பிடிக்கும், மின்சாரம் ஒழுங்காப் போகாது. கார் எண்டா அதிர்வுதானே. வட்டக்காலில கவ்வுற பலம் கூட எண்டபடியா உரசல் குறைவு, எனக்கு இதுவரை வரேல்ல, எண்டாலும் வருசத்துக்கு ஒருக்காக் கழட்டிப் போடுறன்.

மூண்டாவது ஸிஃப், நெம்புகோல் வச்சது. நெம்பைத் தூக்கினா சிப் தானா வரும், அமத்தினா பிடிக்கும். ரியூன் பண்ணுற நாளில இதுக்கு நிகர் இல்லை. நான் ஒரே நாளில பதினொரு தரம் சிப் மாத்தினன், ஒரு காலும் வளையேல்ல. 3எம் கம்பனின்ர டெக்ஸ்ரூல் எண்ட அசல் இருக்கு, அதைப் பார்த்துச் செய்த மலிவும் இருக்கு. நான் மலிவைத்தான் வாங்கினன், ஒரு நாள் வேலைக்குப் போதும். ஆனா ஸிஃப்பை ஈசியூக்குள்ள நிரந்தரமா விடாதேங்கோ. உயரம் கூட, பெட்டி மூடி பூட்டாது, நெம்பு அதிர்வில கழரும்.

இப்ப கிங்ஸ்டன் ரோட்டுக் கதை. நான் முதல் செய்தது இப்பிடி. போட்டில மலிவுத் தகட்டுச் சொக்கற்றை சோல்டர் பண்ணினன். ரியூன் பண்ணுறதுக்கு அந்தச் சொக்கற்றுக்குள்ள ஸிஃப்பைக் குத்தினன். ரியூன் முடிஞ்சதும் ஸிஃப்பைக் கழட்டிப்போட்டு அதே சொக்கற்றுக்குள்ள சிப்பை நேர போட்டன். கேக்க நல்லாத்தானே இருக்கு? ஸிஃப்பின்ர கால் சிப்பின்ர காலிலும் பார்க்கத் தடிப்பு. ரெண்டு கிழமை அது குத்தியிருந்ததில தகடெல்லாம் விரிஞ்சு போச்சு. பிறகு மெல்லிய சிப் காலைப் போட்டா சும்மா உள்ள நிக்குது, பிடிக்கிறேல்ல. வீட்டு வாசலில ஓடும், 401 ஹைவேயில ஓடும், எல்லாம் சரி. பெப்ரவரியில பனி உருகி ரோடெல்லாம் குழி, ஒரு குழிக்குள்ள முன் ரயர் விழுந்த அந்த நொடியே லைட் வந்தது, எஞ்சின் செத்த மாதிரி ஆச்சு. சாவியைத் திருப்பி நிப்பாட்டித் திரும்ப ஸ்ராட் பண்ணினா சரி, அடுத்த குழியில திரும்ப. நான் செய்தது முதல் வயரிங் பார்த்தது, பிறகு மெயின் ரிலே, பிறகு டிஸ்ரிபியூட்டர், மூண்டு கிழமை. கடைசியா ரியூன் பண்ணித் தந்த அண்ணையிட்டப் போனன். அவர் ஈசியூ மூடியைக் கழட்டி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க சிப்பின்ர முதுகில பென்சிலால ஒரு தட்டுத் தட்டினார், லைட் வந்தது. “தம்பி, இதுக்கோ மூண்டு கிழமை?” எண்டு மட்டும் கேட்டவர்.

அண்டைக்கே தகட்டுச் சொக்கற்றைக் கழட்டி வட்டக்காலைப் போட்டன். 28 கால் சொக்கற்றைக் கழட்டுறது போடுறதிலும் பார்க்க அஞ்சு மடங்கு வேலை, பிளாஸ்டிக்கை முதல் உடைச்சு எடுத்துட்டு ஒவ்வொரு காலா இழுங்கோ, அதுதான் போட்டுக்குச் சுகம். இப்ப ரியூன் பண்ணோணும் எண்டாலும் ஸிஃப்பை நேர குத்திறேல்ல. நடுவில இன்னொரு வட்டக்கால் சொக்கற்றை வச்சு அதுக்கு மேலதான் ஸிஃப். அடிச் சொக்கற்றுக்குள்ள போறது எப்பவும் மெல்லிய கால் மட்டும்.

ரியூன் கனக்கச் செய்யிற ஆக்களுக்கு சிப்பே தேவையில்லை, சிப் மாதிரி நடிக்கிற பெட்டி, எமுலேற்றர், வாங்குங்கோ. மோட்ஸ் ஒஸ்ட்ரிச் 2.0 எண்டு ஒண்டு, ரிபன் கேபிளால சொக்கற்றில குத்தி மற்றப் பக்கம் யூஎஸ்பியில லப்ரொப், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே மப்பை மாத்தலாம். அண்ணை தன்ரையைப் பாவிச்சுத்தான் என்ர காரின்ர பாதி மப்பைச் செய்தவர். ஒரு காருக்காக வாங்கிறது வீண் செலவு, வச்சிருக்கிற ஆளைப் பிடிக்கிறது புத்தி.

இனி நான் கடைசியா எங்க வந்து நிண்டன் எண்டுறது. எல்லாரும் கேக்கிறது எது நல்ல சிப் எண்டு. ரியூன் பண்ணக்கத் தேவைப்படுற சிப் ஒண்டு, ரியூன் முடிஞ்சு காரில இருக்கப்போற சிப் வேற ஒண்டு. ரியூனுக்கு அழிச்சு அழிச்சு எழுதோணும், அதுக்கு எஸ்எஸ்ரியோ வின்பொன்ட்டோ 29ஓ எதுவும் சரி. எஸ்எஸ்ரி ஆகக் குறைஞ்சது ஆயிரம் தரம் தாங்கும் எண்டு கம்பனி சொல்லுது, நீங்கள் அம்பது தரம் மாத்திறீங்களோ பார்ப்பம். ஆனா காரில இருக்கப்போறது பாவிச்ச, தேய்ச்ச, வயசு தெரியாத சிப்பா இருக்கத் தேவையில்லை.

இதுக்கு நான் போட்டது மைக்ரோசிப் இப்பவும் புதுசாச் செய்யிற ஏரி27சி256ஆர், 70பியூ எண்டு முடியிறது. ஒருக்கா மட்டும் எழுதலாம், யன்னல் இல்லை, அழிக்க வழியில்லை. டிஜிகீ மாதிரிப் பெரிய இடத்தில வாங்கினா ஒண்டு நாலைஞ்சு டொலர், போலி எண்ட பயம் இல்லை, கால் எல்லாம் புதுப் பளபளப்பு. 32 கிலோபைட் எண்டபடியா 8000 கணக்கும் இல்லை. பிழையா எழுதினா குப்பைத்தொட்டிதான், நான் ஒண்டு போட்டிருக்கிறன், பழைய மப்பை எழுதிப்போட்டன். அதால எழுத முதல் ஃபைலின்ர பேரையும் திகதியையும் ரெண்டு தரம் பாருங்கோ.

இன்னொரு காரணமும் இருக்கு, எங்கட குளிர். சிப் பேரின்ர கடைசி எழுத்தை ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. எஸ்எஸ்ரியில 70-3சி-பிஜி எண்டு இருக்கும், 70 எண்டா 70 நானோசெக்கன், 3 எண்டா அந்த ஆயிரம் தரம், சி எண்டா பூச்சியத்தில இருந்து 70 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் கம்பனி பொறுப்பு. எஸ்ரியின்ர யன்னல் சிப்பில எஃப்1 எண்டா அதேதான், எஃப்6 எண்டா மைனஸ் 40 வரை. 70பியூவும் மைனஸ் 40ல இருந்து 85 வரை. ஜனவரியில வெளியில நிப்பாட்டின கார் விடிய மைனஸ் 20ல இருக்கு. எஸ்எஸ்ரி அந்தக் குளிரிலயும் எனக்கு ஸ்ராட் வந்ததுதான், பொய் சொல்லக்கூடாது, ஒருக்காலும் கைவிடேல்ல. ஆனா நாலு டொலரில அந்த யோசனையும் இல்லாமல் போகுது எண்டா ஏன் விடுவான்? வேகத்தைப் பற்றி மண்டையை உடைக்காதேங்கோ, இந்த ஈசியூ 90களின்ர சாமான், நான் 120 நானோசெக்கன் யன்னல் சிப் போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியேல்ல.

போடக்க ரெண்டு விசயம். புதுச் சிப்பின்ர கால் ரெண்டு பக்கமும் வெளியால விரிஞ்சிருக்கும், மேசையில சரிச்சு வச்சு மெதுவா அமத்தி நேராக்கிப்போட்டுக் குத்துங்கோ. மற்றது சிப்பின்ர ஒரு முனையில இருக்கிற வெட்டு, போட்டில கீறியிருக்கிற வெட்டோட ஒரே பக்கம் வரோணும். மாறிப் போட்டா 5 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறும், சாவி போட்ட கையோட சிப் சுடும், அவ்வளவுதான் அதின்ர ஆயுள். கழட்டிப் பூட்டுற நேரமெல்லாம் சாவி ஓஃப், கையை முதல் ஒரு இரும்பில தொட்டுட்டு.

வேற கார் வச்சிருக்கிற ஆக்களுக்கு, உங்கட ஈசியூவைத் திறந்து பார்க்காமல் நான் சொன்னதை வச்சு ஒண்டும் ஓடர் பண்ணாதேங்கோ. பழைய பிஎம்டபிள்யூ ஈ30 325ஐ மாதிரிக் காரெண்டா தொழிற்சாலையிலயே சிப் சொக்கற்றில நிக்கும், சோல்டர் வேலையே இல்லை, எங்கள மாதிரி 48 ஓட்டை உறிஞ்சிற தலைவிதி அவைக்கு இல்லை. ஒண்டாரியோவில ட்ரைவ் க்ளீன் எண்ட புகைச் சோதனை 2019 ஏப்ரலோட சாதாரணக் காருக்கு நிண்டு போச்சு, அதுக்காகச் சிப் போட்ட கையோட புகையைச் சுத்தப்படுத்திற கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் கழட்டி எறியலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, அது இப்பவும் சட்டப்படி பிழை.

இப்ப காரில இருக்கிறது வட்டக்கால் சொக்கற், அதுக்குள்ள 70பியூ, அதுக்கு மேல வெள்ளை ஸ்ரிக்கரில மப்பின்ர பேரும் எழுதின திகதியும். ரெண்டு குளிர்காலம் முடிஞ்சுது, லைட் வரேல்ல. ஸிஃப்பும் எஸ்எஸ்ரி ஏழும் ஒரு பழைய நைஸ் பிஸ்கற் ரின்னுக்குள்ள, கறுப்புப் பஞ்சில குத்தின மாதிரிக் கிடக்கு. அத்தான் போன கிழமை வந்து காரை ஒரு சுத்து ஓடிட்டு, திரும்பிக் குடுக்க மனமில்லாமல் சாவியைக் கையில வச்சு உருட்டிக்கொண்டு நிண்டவர்.